தாணுலிங்கம் வீட்டுக்குப் போகும் ரொட்டி

தூத்துக்குடியில் முத்துக் குளித்துப் பணக்காரரானவர்கள் உண்டு. உப்பு விற்றுப் பெரிய மனிதரானவர்கள் உண்டு. சிலோனுக்கு வெங்காயம் ஏற்றி அனுப்பி மாடிவீடு கட்டியவர்களும் உண்டு. தாணுலிங்கம் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. அவர் சாண்ட்விச் தின்றார். முன்னவர்களுக்கெல்லாம் சத்திரத்திலும் சாவடியிலும் பெயர் பொறித்தாகிவிட்டது. இவருக்கு ஒரு செங்கல்கூட இல்லை என்பது அநியாயம்.

அவர் பீச் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்குக் கப்பல் வந்துவிட்டது என்றால் கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆழம் போதாதென்று அது மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு, பெரிய இடத்துச் சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் தோணியில் ஏறி அதைத் தேடிக்கொண்டு போகவேண்டும். பொதியைத் தூக்க ஆள் இருந்தது, தோணியை ஓட்ட ஆள் இருந்தது, கடலில் விழுந்த மூட்டையோடு சேர்ந்து விழவும் ஆள் இருந்தது. இவர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று துரையிடம் போய்ச் சொல்லுகிற வேலை தாணுலிங்கத்துடையது. அதை அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தார்.

யுத்தம் முடிகிற வருஷத்தில் ஒரு நாள், விட்டேக்கர் துரையோடு லாஞ்சில் ஏறிக் கப்பலுக்குப் போகவேண்டியிருந்தது. பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. லாஞ்சு ஓட்டுகிறவன் எஞ்சினைத் திட்டினான். துரை அவனைத் திட்டினார். தாணுலிங்கத்துக்குத் திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை, ஆகவே பசித்தது. உச்சி சாய்ந்ததும் துரை ஒரு தகர டப்பாவைத் திறந்து, உள்ளே முக்கோணமாக வெட்டி அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு, டப்பாவை இவர் பக்கம் நீட்டினார். துரை எதையாவது நீட்டினால் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்பது கம்பெனி மரியாதை. தாணுலிங்கம் எடுத்தார், வாயில் போட்டார், மென்று விழுங்கினார், அதற்குப் பிறகு வேண்டாம் என்றார்.

அப்படி அதில் என்னதான் இருந்தது? இரண்டு ரொட்டித் துண்டு. நடுவில் உப்பு போட்ட வெண்ணெய். காகிதம் மாதிரி சீவிய வெள்ளரிக்காய். பேருக்கு மிளகுத்தூள். அவ்வளவுதான். புளி கிடையாது, மிளகாய் வற்றல் கிடையாது, தாளிதம் கிடையாது. நம் ஊரில் கோடை வந்தால் ஆடுமாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற வெள்ளரிக்காய். ஆனால் ரொட்டியின் மெதுவும் வெண்ணெயின் உப்பும் காயின் குளிர்ச்சியும் ஒரே கடியில் சேர்ந்தபோது தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளியது விளக்கெண்ணெய் ஒன்றைத்தான்.

கண்ணைத் திறந்தபோது துரை ஒரு கையில் சாண்ட்விச்சைப் பிடித்துக் கடித்துக்கொண்டே மறுகையால் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் முக்கால்வாசி எப்படி வெள்ளைக்காரன் கைக்குப் போயிற்று என்பது தாணுலிங்கத்துக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. நாம் இலை போடவேண்டும், தண்ணீர் தெளிக்கவேண்டும், சோறு வரவேண்டும், குழம்பு வரவேண்டும், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரவேண்டும், எழுந்துபோய்க் கை கழுவவேண்டும், வெற்றிலை போடவேண்டும், பிறகு கொஞ்சம் சாயவேண்டும். அதற்குள் அவன் ஒரு நாட்டைப் பிடித்துவிடுகிறான். இந்தச் சித்தாந்தத்தை அவர் மறுநாள் ஆபீசில் எடுத்து விளக்கினார். அப்படியானால் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே ஏன் இப்போது மூட்டை கட்டுவதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். தாணுலிங்கம் பரிதாபமாகச் சிரித்துவிட்டு, விஷயம் தெரியாதவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

ஒரு துண்டு தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறவர் அவர் இல்லை. துரை பங்களாவில் பட்லராக இருந்த கிருபாநிதியைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் கோயிலை விட்டு வெளியே வந்ததும் மறித்து, டீ வாங்கிக் கொடுத்து, சாண்ட்விச் சாஸ்திரம் கேட்டார். கிருபாநிதியும் பிரசங்கம் கேட்ட சூட்டோடு பிரசங்கம் செய்தார். அவித்த முட்டையை மசித்துக் கடுகு அரைத்துச் சேர்க்கிறது ஒன்று. தக்காளியை வட்டமாக வெட்டி விதையை எடுத்துவிட்டு வைக்கிறது ஒன்று. நம் கடலில் கூறு கட்டி விற்கிற சாளை மீனையே சீமையில் எண்ணெயில் ஊறவைத்து, டப்பாவில் அடைத்து இங்கே அனுப்புகிறார்கள், அதைப் பிசைந்து வைக்கிறது ஒன்று. பன்றித் தொடையை உப்பில் போட்டு வைத்துச் சீவி வைக்கிறது துரைசானிக்குப் பிரியமானது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளப்பில் ஒன்று செய்கிறார்கள், மூன்று ரொட்டி, இரண்டு மாடி, கோழிக்கறி கீழ்வீட்டில், முட்டை மேல்வீட்டில், சரிந்துவிடாமல் குச்சி குத்தி நிறுத்தியிருக்கும். பன்றியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தாணுலிங்கம் மனப்பாடம் செய்தார். எதைச் செய்தாலும் ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிடவேண்டும், அதுதான் ஜாதி என்று கிருபாநிதி முடித்தார். வெட்டின ஓரம் என்ன ஆகும் என்று இவர் கேட்கவில்லை. கிருபாநிதியின் கன்னங்களைப் பார்த்தாலே தெரியும்.

அன்று சாயங்காலமே தேவமணியின் ரொட்டிக்கடைக்குப் போனார். கப்பல்களுக்கு ரொட்டி கொடுக்கிற கடை என்பதால் யுத்தப் பங்கீட்டுக் காலத்திலும் அங்கே மாவுக்குப் பஞ்சமில்லை. முழு ரொட்டி ஒன்று வேண்டுமென்று கேட்டதும் தேவமணியின் முகம் மாறிவிட்டது. சூடாக இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வீட்ல யாருக்கு அண்ணாச்சி மேலுக்குச் சரியில்ல?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஊர் வழக்கம் அப்படி. காய்ச்சல் வந்தால் ரொட்டி. பேதி நின்று இரண்டு வேளை ஆனால் பாலில் நனைத்த ரொட்டி. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் ஒரு கையில் ரொட்டி, மறுகையில் ஆரஞ்சு. நல்ல உடம்போடு நடமாடுகிற மனிதன் பன்னை டீயில் முக்கித் தின்னலாம், பிஸ்கோத்துக் கடிக்கலாம். முழு ரொட்டியை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனால் உள்ளே ஒரு கட்டில் கிடக்கிறது, கட்டிலில் ஒரு ஆள் கிடக்கிறது என்று பொருள். எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று தாணுலிங்கம் சிரித்துக்கொண்டே சொன்னார். தேவமணி சிரிக்கவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி ரொட்டியைக் கையில் கொடுத்தார்.

வீட்டில் மனைவி சண்முகத்தாய் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். தின்று முடித்துவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்டாள். அதுதான் சாப்பாடு என்று தெரிந்ததும் அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டு ஜெயிக்கிற பெண்கள் உண்டு. சண்முகத்தாய் அடுப்பில் ஜெயிக்கிறவள். மறுநாள் வெள்ளரிக்காய்க்குக் கீழே தேங்காய்த் துவையலைத் தடவினாள். அடுத்த தடவை முட்டையை மசித்துக் கடுகைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிச் சேர்த்தாள். சீலா மீனை வறுத்து முள் எடுத்து உதிர்த்து வைத்தாள். கருப்பட்டியை நுணுக்கித் தேங்காய்ப்பூவோடு பிசைந்து, ரொட்டியை நெய் விட்டுத் தோசைக்கல்லில் வாட்டி மூடினாள். துரையைக் கெஞ்சிக் கப்பலிலிருந்து ஒரு துண்டு சீஸ் வாங்கிக்கொண்டு வந்தார் தாணுலிங்கம். அதை மட்டும் அவள் மோந்து பார்த்தாள், கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போட்டாள்.

நெத்திலிக் கருவாட்டு சாண்ட்விச் பிறந்ததும் அந்த அடுப்பில்தான். இந்த ஒரு இடத்தில் கிண்டலைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசவேண்டும். நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, நல்லெண்ணெயில் மொறுமொறு என்று வறுப்பாள். அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், வற்றல், கறிவேப்பிலை போட்டு, புளித்தண்ணீர் ஒரு கை தெளித்து, எண்ணெய் பிரிகிறவரைக்கும் சுருளவிட்டு, நெத்திலியைப் போட்டுப் புரட்டி எடுப்பாள். ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் கல்லில் வாட்டுவாள். வாட்டின பக்கம் வெளியே, மெத்தென்ற பக்கம் உள்ளே. வெளியே நொறுங்கும், உள்ளே எண்ணெய் இறங்கியிருக்கும், நடுவில் கருவாடு கடிபடும். துரைமார் இதைத் தின்றிருந்தால் இந்த நாட்டை விட்டுப் போயிருக்கமாட்டார்கள். நல்ல வேளையாக யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தாணுலிங்கம் சாண்ட்விச்சுக்குக் கொடியேற்றித் திருவிழா நடத்தாத குறைதான். ராத்திரிச் சோறு முதலில் நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பகல் சோறு நின்றது. அரிசிக்குப் பங்கீடு இருந்ததால், சர்க்காரே கோதுமையைத்தான் தின்னச் சொல்கிறது என்று ஒரு காரணமும் கையில் கிடைத்தது. அப்புறம் மற்ற நாட்களின் பகலும் போயிற்று. சாயங்காலம் ஐயா கோட்டும் தொப்பியுமாக, கக்கத்தில் காகிதம் சுற்றின ரொட்டியோடு தெருவில் நடந்து வருவார். வந்து உட்கார்ந்து, ஓரத்தைத் தானே வெட்டி, முக்கோணமாக நறுக்கி, மனைவிக்கும் மகளுக்கும் தட்டில் வைத்துக் கொடுப்பார். அவர்கள் வாயில் வைக்கிறபோது முகத்தையே பார்ப்பார். எப்படி என்பார். மகள் சந்தனமாரி நன்றாயிருக்கிறது என்று தலையசைப்பாள். அவருக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

சந்தனமாரி மெலிந்தாள். சாண்ட்விச் உடம்பைக் கட்டாக வைக்கும் என்பதற்கு அவர் அதையே அத்தாட்சியாகக் காட்டினார்.

தெரு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு விக்டோரியா ஒரு நாள் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லி, உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துப் போனாள். தாணுலிங்கம் அதை ஆபீஸ் உத்தியோகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துப் பழத்தை உரித்துத் தின்றார். இன்னும் சிலர் விசாரித்தார்கள். ஒன்றுமில்லையே, எல்லாரும் சுகந்தானே என்று சொல்லச் சொல்லத் தெருவுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று இவ்வளவு சிரித்துக்கொண்டு சொல்லுகிற வீட்டில் ஏதோ பெரிதாகத்தான் இருக்கவேண்டும். ஐயா தினமும் ஆபீஸ் போகிறார். அம்மா மார்க்கெட்டுக்குப் போகிறாள். மிச்சம் இருப்பது யார்? பெண் வேறு வரவர இளைக்கிறாள். சாயங்காலம் தவறாமல் ரொட்டி போகிறது. சயரோகம் என்கிற வார்த்தையை முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் எல்லாரும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சந்தனமாரிக்கு உடன்குடியில் மாப்பிள்ளை பேசி முடிவாகியிருந்தது. பையன் பெயர் அய்யாக்குட்டி. அப்பா இல்லை. அவன் அம்மா வடிவம்மாள் கருப்பட்டி மண்டியைத் தனியாளாக நடத்தி அவனை வளர்த்தவள். திருச்செந்தூர்த் திருவிழாவில் இரண்டு குடும்பமும் சந்தித்தபோது சந்தனமாரி அவனைப் பார்த்தாள், அவனும் பார்த்தான். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உடன்குடியிலிருந்து கருப்பட்டிப் பெட்டி வந்தால் ஓலையை அவள்தான் பிரிப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். அவளுக்கு அந்தப் பையன்மீது உயிர். அதைச் சண்முகத்தாய் அறிவாள். சாண்ட்விச்சைப் பற்றி யோசித்து முடித்துவிட்டு நேரம் கிடைத்திருந்தால் தாணுலிங்கமும் அறிந்திருப்பார்.

நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரு மத்தியானம் சம்பந்தம் பேசி முடித்த மந்திரமூர்த்தி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பிடியையே திருகிக்கொண்டிருந்தார். உடன்குடியில் நாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுகிறார்கள் என்றார். எவ்வளவு தள்ளி என்று கேட்டதற்கு அதைச் சொல்லவில்லை என்றார். காரணம் கேட்டதற்குக் குடையிடம் சொன்னார்.

“ஒங்க வீட்டுக்குத் தெனமும் ரொட்டி போகுதாம்லா அண்ணாச்சி. புள்ளைக்கு என்ன சீக்குன்னு கேக்குதாவ.”

தாணுலிங்கம் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவுதானா, அதெல்லாம் சாண்ட்விச் என்று ஆரம்பித்தவர் அடுக்களை வாசலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சந்தனமாரி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அவரைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம், சமாதானம் சொல்லியிருக்கலாம். இப்படிப் போனதற்கு என்ன செய்வதென்று கம்பெனியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மந்திரமூர்த்தி எழுந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாள் தூத்துக்குடிக்கு வேறு ஜோலியாக வருவது மாதிரி வருவாள், வந்து கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஆறும், பார்த்துப் பக்குவமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்குவமாக நடந்துகொள்ள ஒரு வழி தாணுலிங்கத்துக்கு உடனே தோன்றியது. வடிவம்மாளுக்குச் சாண்ட்விச் கொடுத்துவிடுவது. ரொட்டியை ஒளித்தால் குற்றம், எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டால் குற்றம் எங்கே இருக்கிறது? நல்ல உடம்புக்காரர்கள் நாகரிகத்துக்காகத் தின்னுகிற பண்டம் இது என்று அவளே தின்று தெரிந்துகொள்ளட்டும். தூக்குத் தண்டனைக்காரனுக்கு இப்படி வாதாட ஒரு வக்கீல் கிடைத்தால் கயிற்றையும் அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார். இத்தனை மாதம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத சண்முகத்தாய் அன்று பேசினாள்.

“சீக்கு இருக்கான்னு பாக்க வாரவ முன்னால ரொட்டிய வச்சா, நாமளே ஆமான்னு சொன்ன மாதிரிலா இருக்கும்.”

உனக்கு உலகம் தெரியாது என்றார் அவர். அவள் நிச்சயதாம்பூலத்துக்கென்று பங்கீட்டில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த நல்ல அரிசியை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக் களைந்தாள். நல்ல சீலாவாக ஒன்று வாங்கிக் குழம்பு வைத்தாள். அவர் கேட்டபடி நெத்திலியும் வறுத்தாள், முட்டையும் மசித்தாள். ஒரே அடுக்களையில் இரண்டு கட்சிக்கும் சமைத்தாள்.

வடிவம்மாள், பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நல்ல உயரம், வெள்ளைச் சேலை, கையில் ஓலைப் பெட்டியில் கருப்பட்டி. வாசலில் நின்று காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், மருந்து வாசனை வருகிறதா என்று. உட்கார்ந்ததும் ஜன்னல் கட்டை, அலமாரி, கட்டில் கால் என்று வரிசையாகக் கண்ணால் துழாவினாள், ஏதாவது சீசா தென்படுகிறதா என்று. பேச்சுக்கு நடுவே தானாக ஒரு இருமல் இருமினாள். இருமிவிட்டு, பதிலுக்கு உள்ளேயிருந்து யாராவது இருமுகிறார்களா என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் இவ்வளவு நுட்பம் கிடையாது.

அப்போது தாணுலிங்கம் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். பீங்கான் தட்டு, அடியில் முட்டை, நடுவில் வெள்ளரிக்காய், உச்சியில் நெத்திலி, ஓரம் வெட்டி, முக்கோணம் முக்கோணமாக. கோட்டையும் போட்டிருந்தார். இது இன்ன வகை, இது இன்ன வகை, கிளப்பில் இப்படி, கப்பலில் அப்படி என்று நின்றுகொண்டே எடுத்துச் சொன்னார். வடிவம்மாள் முழுவதையும் கேட்டாள். அவர் முடித்ததும் தட்டைப் பார்த்தாள்.

“இது யாருக்குள்ள ரொட்டி?” என்று கேட்டாள்.

“ஒங்களுக்குத்தான்” என்றார் தாணுலிங்கம்.

“எனக்கு ஒண்ணும் இல்லையே. நான் நல்லாத்தான இருக்கேன்.”

சொல்லிவிட்டு அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். எழுந்திருக்கப் போகிறவள் செய்கிற காரியம் அது. தாணுலிங்கம் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். கதவுக்குப் பின்னால் மகள் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

சண்முகத்தாய் அடுக்களையிலிருந்து வந்து, மதினிக்கு இலை போட்டாயிற்று, சோறு ஆறுகிறது என்று, வேறு எதுவுமே நடக்காதது மாதிரி சொன்னாள். சோறு என்றதும் வடிவம்மாள் எழுந்திருக்காமல் நிதானித்தாள்.

“எனக்கு அப்புறம் ஆகட்டும். புள்ளையக் கூப்பிடுங்க. அவ சாப்புடட்டும், நான் பாக்குதேன்.”

ஊரில் அதற்கு மேல் ஒரு பரீட்சை கிடையாது. நாடி பார்ப்பதெல்லாம் வைத்தியர்கள் பிழைப்புக்கு. சோறு இறங்குகிற உடம்பு நல்ல உடம்பு, இறங்காத உடம்பு கெட்ட உடம்பு. சந்தனமாரி வந்து தலையைக் குனிந்துகொண்டு இலை முன்னால் உட்கார்ந்தாள். சண்முகத்தாய் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

முதல் கவளத்தை அவள் வெட்கப்பட்டுக்கொண்டுதான் எடுத்தாள். இரண்டாவதில் வெட்கம் போயிற்று. மூன்றாவதில் எதிரே மாமியாராக வரப்போகிறவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே போயிற்று. குழம்புச் சோறு முடிந்து மறுபடி குழம்புச் சோறு. சீலாத் துண்டை முள்ளோடு எடுத்து உறிஞ்சினாள். ரசம் வந்தது, போயிற்று. மோர் வந்தது, அதற்கு இன்னும் சோறு கேட்டாள். வயிறு காய்ந்தவர்கள் அப்படிச் சாப்பிடுவார்கள். தட்டை ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே தாணுலிங்கம் அதைப் பார்த்தார். எத்தனையோ மாதமாக அவள் தின்பதை எதிரே உட்கார்ந்து தினமும் பார்த்தவர்தான். சாண்ட்விச்சைத்தான் பார்த்திருக்கிறார், பிள்ளையைப் பார்க்கவில்லை.

வடிவம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்துகொண்டே வந்தது.

“ஏளா, ஒனக்கு ரொட்டி பிடிக்காதா?” என்று கேட்டாள்.

சந்தனமாரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தவள் மாதிரி இருந்தது.

“பிடிக்காது அத்தை. நான் தின்னா அப்பா மொகத்துல ஒரு சந்தோசம் வரும். அதுக்காவத் தின்னேன்.”

குறை சொல்லுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அது தாணுலிங்கத்தைப் போட்டுத் தாக்கியது. இந்த மனிதரை இவ்வளவு நேரம் கேலி பேசியாயிற்று. அவர் அடுத்துச் செய்ததையும் சொல்லிவிடவேண்டும். அவர் ஒரு வியாக்கியானமும் செய்யவில்லை, வெள்ளைக்காரனையும் சர்க்காரையும் இழுக்கவில்லை. கல்யாணம் முடிகிற வரைக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. இனிமேல் இந்த வீட்டு வாசலுக்குள் ரொட்டி வராது என்று மகளைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, தட்டைக் கோழிக்குக் கொட்டுவதற்காகக் கொல்லைப்பக்கம் திரும்பினார்.

“அத எங்க கொண்டு போறீய? இங்கன வையுங்க” என்றாள் வடிவம்மாள்.

வைத்தார். அவள் உச்சியிலிருந்த ஒன்றை எடுத்து, மேல் ரொட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். நெத்திலியும் வெங்காயமும் எண்ணெய் மினுங்க இருந்தன. மோந்து பார்த்தாள். மூடினாள். கடித்தாள். இது யார் வைத்த பக்குவம் என்று கேட்டாள், சண்முகத்தாய் தலையாட்டியதும் இன்னொன்றை எடுத்தாள். ரொட்டி என்னவோ நோயாளிக்குத்தான், உள்ளே இருக்கிறதுக்காகத் தின்கிறேன் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொன்னவள் ரொட்டியைப் பிரித்து ஒதுக்கி வைத்ததாகத் தெரியவில்லை. மூன்றாவதை எடுக்கிறபோது தாணுலிங்கம் நின்றுகொண்டே இருப்பது அவள் கண்ணில் பட்டது. இன்னொரு இலை போடச் சொன்னாள். பெண்ணைப் பார்த்தது போதாது, பெண்ணைப் பெற்றவருக்கும் சோறு இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும் என்றாள்.

தாணுலிங்கம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் குனிந்து குழம்புச் சோற்றைப் பிசைந்து உண்ண, எதிரே வடிவம்மாள் ஒரு கையில் சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இதை வை, அதை ஊற்று என்று சண்முகத்தாய்க்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். நெத்திலி தீர்ந்ததும் வெள்ளரிக்காய்க்கு இறங்கினாள், அங்கிருந்து முட்டைக்கு இறங்கினாள். சோறு தீர்ந்து அவர் கையை எடுக்கப் போனபோது அவள் விடவில்லை.

“இன்னும் ஒரு கை போட்டுக்கிடுங்க, சம்பந்தி” என்றாள்.

சந்தனமாரி கை கழுவிவிட்டுப் போய் நின்ற கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தாணுலிங்கம் இலையை நகர்த்திக் கொடுத்து, சண்முகத்தாய் போட்ட சோறு முழுவதையும் வாங்கிக்கொண்டார். சாண்ட்விச் தனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது மறுநாள் ஆபீசுக்குப் போகிற வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.